ஜுமாவின் மருந்துக்கொம்பு

கொம்பு அவிக்கிற நாளில் அஸ்மத் பீவி ஜன்னல்களையெல்லாம் சாத்திவிட்டு, வாசல் கதவின் இடுக்கில் ஈரத்துண்டைச் சுருட்டி வைப்பாள். அப்படியும் வாடை படியிறங்கிப் போகும். முடி கருகுகிற வாடையும் ஊறிப்போன எலும்பின் வாடையும் சேர்ந்து தொண்டையில் உட்கார்ந்துகொள்ளும். முதல் தடவை எதிர்வீட்டு நாகர்கோவில்காரி ஷியாமளா மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து கதவைத் தட்டினாள்.

“அக்கா, உங்க வீட்டுல எலி கிலி செத்துக் கெடக்கா?”

“பாயா வேகுதும்மா.”

“பாயா நானும் தின்னுருக்கேன்க்கா. இது பாயா இல்ல.”

அஸ்மத் பீவி சிரித்துவிட்டு அவளை உள்ளே கூப்பிட்டு, ஊரிலிருந்து வந்திருந்த ஓட்டுமாப் பலகாரத்தைத் தட்டில் வைத்துக் கொடுத்தாள். அடுப்பில் பழைய பிரியாணிச் சட்டியில் இரண்டு மாட்டுக் கொம்புகள் தலைகீழாக வெந்துகொண்டிருந்தன. ஷியாமளா அதைப் பார்த்தபிறகு எதுவும் கேட்கவில்லை. வாடை வந்தால் அவளே தன் வீட்டில் சாம்பிராணி போட்டுக்கொள்வாள்.

ஷார்ஜாவில் ரோலாவுக்குப் பக்கத்தில் இருந்தது அந்தக் கட்டடம். இரண்டாம் மாடியில் வீடு, கீழே தெருவைப் பார்த்தாற்போல் கலீலுர் ரஹ்மானின் கடை. பழைய காப்பிக் கூஜா, வளைந்த கத்தி, பித்தளைப் பூண் போட்ட பெட்டி, துருப்பிடித்த துப்பாக்கி என்று கடை நிறையச் சாமான். கீழக்கரையிலிருந்து வந்து, ஒரு துணிக்கடையில் பல வருஷம் நின்று சம்பாதித்து, விசாவுக்கும் கடைக்கும் பொறுப்பேற்கிற அரபிக் கபீல் ஒருவரின் பேரில் லைசென்ஸ் எடுத்து அவர் போட்ட கடை அது. ஒரே மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு அஸ்மத் பீவியையும் விசாவில் அழைத்துக்கொண்டார். தொண்ணூற்றைந்தாம் வருஷம். அப்போதெல்லாம் ஷார்ஜாவில் ரஷ்யாக்காரர்கள் கூட்டங்கூட்டமாக இறங்கினார்கள். மூட்டை மூட்டையாகத் துணியும் டிவியும் வாங்குவார்கள். போகிறபோது சுவரில் மாட்ட ஏதாவது பழைய பொருள் வேண்டும் அவர்களுக்கு.

மசாஃபியில் மலையடிவாரச் சந்தையில் கான் என்கிற பட்டாணியர் பழைய சாமான் விற்பார். அவரிடமிருந்து வாங்கிவந்த ஒரு சாக்கில், பூட்டுக்கும் லாந்தருக்கும் அடியில் அந்தக் கொம்பு கிடந்தது. தோட்டா வராத காலத்தில் மலைக்காரர்கள் வெடிமருந்தை அதில் போட்டு இடுப்பில் கட்டிக்கொண்டு திரிவார்களாம். அகன்ற பக்கத்தை மரக்கட்டையால் அடைத்திருக்கும். கூர்ந்த பக்கத்தில் துளையும் அதற்கு ஒரு அடைப்பானும். அடைப்பானை எடுத்துச் சாய்த்தால் மருந்து துப்பாக்கிக் குழலில் விழும். சாக்கில் கிடந்ததை வண்டு அரித்திருந்தது. மூடிக்கட்டை பாதி இல்லை. பக்கவாட்டில் நீளமாக ஒரு விரிசல். அதைச் செம்புக் கம்பியால் யாரோ கோணல்மாணலாகத் தைத்திருந்தார்கள்.

“ரஷ்யாக்காரன் ரெண்டு பேரு கேட்டானுக இதை. ஒடஞ்சு கெடக்கேன்னு வச்சுட்டுப் போயிட்டானுக” என்றார் கலீலுர் ரஹ்மான். “சரிபண்ண முடியுமா பாரு புள்ள.”

அஸ்மத் பீவியின் வாப்பா கீழக்கரையில் சங்கு அறுத்து மெருகு போடுகிறவர். சங்குக் குவியலின் நடுவே வளர்ந்தவள் அவள். வாள், அரம், உப்புத்தாள் எல்லாம் கைக்குப் பழக்கம். கொம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“இத சரிபண்ண முடியாது மச்சான். உள்ள எல்லாம் மக்கிப்போச்சு. புதுசு வேணா செய்யலாம்.”

“செய்வியா?”

“உள்ள எப்புடி இருக்குன்னு பாக்கணும்.”

அப்படித்தான் அதை நீளவாக்கில் இரண்டாக அறுத்தாள். சுவர் எந்த இடத்தில் தடிப்பு, நுனித்துளை எவ்வளவு ஆழம், கட்டை எப்படிப் பொருந்துகிறது எல்லாம் தெரிந்துபோயிற்று. பாதிகள் இரண்டையும் ஒரு நிடோ பால்பவுடர் டப்பாவில் போட்டுப் பரணில் வைத்தாள்.

அறுப்புக்கூடத்தில் கொம்புக்குப் பஞ்சமில்லை. வெந்ததும் துணியால் பிடித்துத் தட்டினால் உள்ளிருக்கும் எலும்பு கழன்று வரும். பிறகு உடைந்த கண்ணாடித் துண்டால் சீவ வேண்டும். மேல்தோல் சுருள் சுருளாக உதிர்ந்து, கடைசியில் உள்ளே தேன் நிறமும் கருப்பும் கலந்த வரி தெரியும். அரம் போட்டு, உப்புத்தாள் தேய்த்து, சாம்பலும் தேங்காய் எண்ணெயுமாகத் துடைத்தால் முகம் பார்க்கலாம். பழுக்கக் காய்ச்சின கம்பியை நுனியில் இறக்கும்போது ஒரு புகை வரும். அதற்கு மட்டும் அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

முதல் கொம்பு முடிகிற சமயம் அவளுக்கு ஒரு சந்தேகம்.

“இந்தக் கம்பித் தையலு அழகுக்கா, ஒடைசலுக்கா மச்சான்?”

“யாருக்குத் தெரியும்? இருக்குறபடி செய்யி.”

விரிசலே இல்லாத கொம்பில் சின்னச் சின்னத் துளை போட்டு, அதே இடத்தில் அதே மாதிரி செம்புக் கம்பியைக் கோத்து முறுக்கினாள். அழகாகத்தான் இருந்தது. ஆனால் பளபளவென்று மின்னியது. கலீலுர் ரஹ்மான் யோசனை சொன்னார். தேயிலைச் சாயத்தில் ஊறவைத்து, விளக்குப் புகையில் காட்டி, மணலில் புதைத்து எடுத்தார்கள். உள்ளே தீக்குச்சிகளைக் கிழித்துப் போட்டு மூடினாள் அஸ்மத் பீவி. மருந்து வாடை ஏறிக்கொண்டது. கடையில் ஒரு நேரத்தில் ஒரு கொம்புதான் தொங்கும். பழைய சாமான் கொத்துக்கொத்தாகத் தொங்கினால் யார் நம்புவார்கள்?

“ஓல்டு?” என்பார்கள் ரஷ்யாக்காரர்கள்.

“ஓல்டு” என்பார் கலீலுர் ரஹ்மான்.

கபீல் ஒருநாள் கடைக்கு வந்தபோது அவரும் ஒன்றை எடுத்துப்போய், விருந்தாளிகளை உட்காரவைக்கிற தன் மஜ்லிஸ் சுவரில் மாட்டிக்கொண்டார். தன் பாட்டன் காலத்துப் பொருள் என்று வருகிறவர்களிடம் காட்டினார்.  கலீலுர் ரஹ்மான் அதைக் கேட்டுச் சிரித்துவைத்தார்.

குளிர்காலம் முடிகிற சமயத்தில் ஒரு காலைப் பொழுது, பழைய டொயோட்டா பிக்கப்பை நிறுத்திவிட்டு ஒரு கிழவர் கடைக்குள் வந்தார். ஒல்லியான ஆள். தாடியில் மருதாணிச் சிவப்பு. ராஸல்கைமா மலைப்பக்கம். பெயர் கமீஸ். காப்பிக் கூஜா ஒன்றை விலை கேட்டுக்கொண்டிருந்தவர், நிமிர்ந்து கொம்பைப் பார்த்தார். எட்டி எடுத்தார். தையலின் மேல் பெருவிரல் நகத்தை ஓட்டினார். அடைப்பானைப் பிடுங்கி முகர்ந்தார். பிறகு அங்கேயே, விற்பனைக்கு வைத்திருந்த பெட்டியின்மேல் உட்கார்ந்துவிட்டார்.

“இது என் அண்ணனுடையது” என்றார். “ஜுமாவுடையது. நான்தான் இதைக் கீழே போட்டு உடைத்தேன். சின்னப் பையன் அப்போது. அடிப்பான் என்று பயந்து செம்புக் கம்பியால் தைத்து வைத்தேன். இதோ, இது என் தையல்.”

கலீலுர் ரஹ்மானுக்கு ஓரளவு அரபி தெரியும். புரிந்தது.  ஆனாலும் கொம்பைத் தாளில் சுற்றிக் கொடுத்தார். கிழவர் பேரம்கூடப் பேசவில்லை. அதை நெஞ்சோடு வைத்துக்கொண்டு போனார்.

விஷயம் அதோடு நின்றிருந்தால் மாடிவரைக்கும் வந்திருக்காது. அடுத்த வாரம் கமீஸ் திரும்ப வந்தார். இந்தக் கொம்பை யார் கொண்டுவந்து கொடுத்தது என்று கேட்டார். அப்பனோடு சண்டை போட்டுக்கொண்டு, துப்பாக்கியும் கொம்புமாக மலையிறங்கிப் போன ஜுமா அதற்குப் பிறகு வரவே இல்லை. குவைத்துக்குப் போனான் என்றார்கள் சிலர். கப்பலில் செத்தான் என்றார்கள் சிலர். கொம்பு வந்திருக்கிறது என்றால் அது வந்த வழியில் போனால் அண்ணனைப் புதைத்த கபராவது கிடைக்கும்.

கலீலுர் ரஹ்மான் மசாஃபி என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் கிழவர் கானிடம் போவார். வண்டு அரித்த உடைசல் கொம்பைத்தானே விற்றேன், இது என்ன புதுக்கொம்பு என்று கான் கேட்பார். பேச்சு கபீலின் மஜ்லிஸ் வரைக்கும் போகும். அந்தப் பதற்றத்தில் வாயில் வந்ததைச் சொன்னார்.

“ஒரு யமனி கொண்டாந்தான் அர்பாப். யமன்ல ஹள்ரமௌத் பக்கம்.”

மறுவாரம் கமீஸ் மூன்றாவது முறையாக வந்தார். பாஸ்போர்ட் எடுத்துவிட்டேன், யமனுக்குப் போகிறேன், அந்த ஆளின் பெயரைச் சொல் என்றார். அஸர் தொழுகைக்குப் பிறகு வாருங்கள், ஞாபகப்படுத்திச் சொல்கிறேன் என்று கலீலுர் ரஹ்மான் அனுப்பிவைத்தார்.

அன்று மதியம் அவர் சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார். மீன் ஆணமும் கத்தரிக்காய்ப் பொரியலும் ஆறிக்கொண்டிருந்தன.

“ஆணத்துல உப்பு கூடிப்போச்சா?” என்றாள் அஸ்மத் பீவி.

“இல்ல புள்ள.”

“பெறகு?”

அவர் சொன்னார். முழுக்கச் சொன்னார். அவள் கையைக் கழுவிவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

“அவுகளுக்கு என்ன வயசு இருக்கும்?”

“எழுபது இருக்கும். கூடவும் இருக்கும்.”

“எழுபது வயசு மனுசன, இல்லாத ஒரு ஆளத் தேடி யமனுக்கு அனுப்பப் போறீகளா?”

“போகமாட்டாக. மகன் மாருக விடமாட்டாக.”

“பாஸ்போட்டு எடுத்தாச்சுன்னு நீங்கதானே சொன்னீக?”

“ஏதோ ஒரு பேரச் சொல்லிடலாம். அங்க போயிக் கேட்டா அப்புடி ஆளே இல்லைன்னுருவாக. திரும்பி வந்துருவாக.”

“திரும்பி வராட்டி?”

அவர் மீன் முள்ளைப் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் வைத்தார்.

“மச்சான், நானும்தான் தேயிலச் சாயத்துல முக்கி எடுத்தேன். தீக்குச்சி கிழிச்சுப் போட்டது நான்தான். ரஷ்யாக்காரன் செவுத்துல மாட்டுறதுக்கு எதுவா இருந்தா என்னன்னு நெனச்சேன். இது அப்புடி இல்ல. ஒரு மய்யித்தத் தேடுறாக அவுக.”

“சொன்னா என்ன ஆகும்னு தெரியுமா ஒனக்கு? கபீலு மஜ்லிஸ்ல தொங்குது. விசாவக் கேன்சல் அடிச்சு ஊருக்கு ஏத்தி விட்டுருவாக. கடையும் போயிரும்.”

“தெரியும்.”

“தெரிஞ்சுமா பேசுற?”

“அவுக அண்ணங் கொம்ப நான் ரெண்டா அறுத்து டப்பாவுல போட்டு வச்சுருக்கேன் மச்சான். ரெண்டு வாரமா அவுக என் கொம்பக் கட்டிப் புடிச்சுக்கிட்டுக் கெடக்காக. எனக்கு இனிச் சோறு எறங்காது.”

கலீலுர் ரஹ்மான் தட்டைத் தள்ளிவைத்தார். 

“எனக்கு அவுக மொகத்தப் பாத்துச் சொல்ற தைரியம் இல்ல” என்றார்.

“நான் வாரேன்.”

அஸ்மத் பீவி கடைக்குள் அதுவரை கால் வைத்ததில்லை. அஸர் தொழுதுவிட்டு, கறுப்பு புர்காவைப் போட்டுக்கொண்டு, நிடோ டப்பாவைக் கையில் எடுத்துப் படியிறங்கினாள். கமீஸ் அதே பெட்டியின்மேல் உட்கார்ந்திருந்தார். மடியில் கொம்பு. அவள் டப்பாவைத் திறந்து, அறுபட்ட பாதிகளை எடுத்து அவர் முன்னால் தாளில் வைத்தாள். கலீலுர் ரஹ்மான் குனிந்த தலையோடு அரபியில் சொன்னார். இது என் மனைவி. இதுதான் உங்கள் அண்ணன் கொம்பு. உங்களிடம் இருப்பது இவள் செய்தது. யமனி என்று யாரும் இல்லை.

கிழவருக்கு முதலில் விளங்கவில்லை. இரண்டு பாதிகளையும் எடுத்துச் சேர்த்துப் பிடித்தார். வாள் போன இடத்தில் கம்பித் தையல் அறுந்து நின்றது. மடியிலிருந்த கொம்பையும் பழையதையும் மாறி மாறிப் பார்த்தார்.  

“இந்தத் தையலைப் போட்டது நீயா?” என்று அஸ்மத் பீவியைக் கேட்டார்.

கணவர் மொழிபெயர்க்க, அவள் தலையாட்டினாள்.

“என்னுடையதைவிட நேராக இருக்கிறது. அப்போதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.”

அவர் கண் நிறைந்து வழிந்தது. துடைக்கவில்லை. பிறகு கலீலுர் ரஹ்மான் பக்கம் திரும்பினார்.

“நீ என்னை யமனுக்கு அனுப்பியிருப்பாய்.”

“மன்னிச்சுக்குங்க அர்பாப்.”

“இது எங்கே கிடைத்தது?”

“மசாஃபி. கானுடைய கடையில.”

“நாளைக் காலையில் மூன்று பேரும் போகிறோம்” என்று சொல்லிவிட்டுக் கிழவர் எழுந்தார். அதுதான் அன்று அவர் கலீலுர் ரஹ்மானிடம் பேசிய கடைசி வார்த்தை.

மறுநாள் பிக்கப்பில் நெருக்கியடித்து உட்கார்ந்து போனார்கள். கமீஸ் ஓட்டினார். நடுவில் கலீலுர் ரஹ்மான், ஜன்னல் ஓரம் அஸ்மத் பீவி. தைது ஊரைத் தாண்டியதும் மணல் சிவப்பாயிற்று. பிறகு மலை வந்தது. ஒரு புல்கூட இல்லாத மலை. கடலோரத்தில் பிறந்த அஸ்மத் பீவி இத்தனை கல்லை ஒரேயடியாகப் பார்த்ததில்லை. கிழவர் வழியில் வண்டியை நிறுத்தி மூன்று டீ வாங்கினார். அவளுடையதை ஜன்னல் வழியாக மரியாதையாக நீட்டினார். கலீலுர் ரஹ்மானுடையதை வண்டியின் பானெட்மேல் வைத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். அவர் இறங்கிப்போய் எடுத்துக் குடித்தார்.

கான் பாதிக் கொம்பைப் பார்த்ததும் சிரித்தார். “அரே பாய், இதுக்கு ஆபரேஷன் பண்ணிட்டியா?” கமீஸின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். திப்பாவுக்குப் போகிற வழியில் வாதி என்கிற காட்டாற்றின் கரையில் பழைய கல்வீடு. கவர்மெண்டு புதுவீடு கொடுத்ததும் அந்த வீட்டுச் சாமானையெல்லாம் வழித்து விற்றார்கள். அங்கே வாங்கியதுதான் சாக்கு முழுக்க.

“யார் வீடு?” என்றார் கமீஸ்.

“ஆம்பள யாரையும் பாக்கல அர்பாப். பொம்பளைங்க இருந்தாங்க. ஈச்சமரம் நிறைய இருக்கும், பக்கத்துல ஒரு சின்னப் பள்ளிவாசல். விசாரிச்சா சொல்லிடுவாங்க.”

கமீஸ் வண்டியில் ஏறினார். அவர் வீடு இந்த மலைக்கு மேற்கே. திப்பா கிழக்கே. நடுவில் ஒரு மலைதான். 

பழைய கல்வீட்டருகே விசாரித்துப் போனார்கள். புதுவீடு வெள்ளையடித்து, இரும்புக் கேட்டுப் போட்டிருந்தது. கமீஸ் கேட்டைத் தட்டிக் குரல் கொடுத்தார். உள்ளேயிருந்து ஒரு பெண் குரல், ஆண்கள் வெளியே போயிருக்கிறார்கள், சாயங்காலம் வாருங்கள் என்றது. ஆண்கள் இல்லாத வீட்டுக்குள் அவர்கள் இருவரும் நுழைய முடியாது. மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“நான் போறேன் மச்சான்” என்றாள் அஸ்மத் பீவி.

“ஒனக்கு அரபி தெரியாதே புள்ள?”

“சலாம் சொல்லத் தெரியும். அண்ணன்னா அஹூ, பேரு ஜுமா. போதாதா?”

கொம்புப் பாதிகளைத் தாளோடு வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

முன்னறையில் முப்பத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி பேரீச்சம்பழத்தைக் கொட்டை நீக்கிக்கொண்டிருந்தாள். பெயர் மவ்ஸா என்றாள். அஸ்மத் பீவி தாளைப் பிரித்தாள். மவ்ஸா உடனே, “இது என் வாப்பாவுடையது! இதை விற்றது யார்?” என்று உள்ளே பார்த்துச் சத்தம் போட்டாள். அப்போதுதான் அஸ்மத் பீவி அவள் மூக்கைக் கவனித்தாள். நடுவில் கணுப்போட்ட மாதிரி அதே மூக்கு. காலையிலிருந்து வண்டியில் பக்கவாட்டில் பார்த்துக்கொண்டே வந்த மூக்கு.

“ஜுமா?” என்றாள் அஸ்மத் பீவி.

“ஜுமா. செத்துப்போய்ப் பத்து வருஷம்.” மவ்ஸா மேலே கையைக் காட்டினாள்.

“ஜுமா... அஹூ... கமீஸ்.” அஸ்மத் பீவி வாசலைக் காட்டினாள். வேறு வார்த்தை அவளுக்குக் கிடைக்கவில்லை. திரும்பவும் அதையே சொன்னாள். “அஹூ கமீஸ். பர்ரா. வெளிய நிக்கிறாக.”

மவ்ஸாவின் மடியிலிருந்த தட்டு சரிந்தது. முகத்திரையை இழுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். கமீஸ் கேட்டின் கம்பியைப் பிடித்தபடி நின்றிருந்தார். அவரைப் பார்த்ததும் அவள், “யா அம்மி” என்றாள். ஷார்ஜாவுக்கு வந்த புதிதில் யாரோ ஒரு குழந்தை அப்பனின் தம்பியை அப்படிக் கூப்பிட்டதைக் கேட்டு, அரைக்கிற அம்மியை நினைத்து அஸ்மத் பீவி சிரித்திருக்கிறாள். இப்போது சிரிப்பு வரவில்லை.

 மவ்ஸா கேட்டைத் திறந்து கிழவரைத் திண்டில் உட்காரவைத்தாள். கேள்வியும் பதிலுமாக இருவரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். கலீலுர் ரஹ்மான் சற்றுத் தள்ளி நின்று, காதில் விழுந்ததை மனைவிக்குச் சொன்னார்.

“எங்க வாப்பா ஒங்களப் பத்திப் பேசாத நாளே இல்லைங்குது அந்தப் புள்ள. ஏன் வரலைன்னு இவுக கேக்குறாக. ‘அவுக தேடி வரட்டும், பெறகு போறேன்’னு சொல்லிக்கிட்டே இருந்தாகளாம்.”

“இவுக என்ன சொல்றாக?”

“நாங்களும் அவன் வருவான்னுதான் இருந்தோம்ங்கிறாக.”

அஸ்மத் பீவி வாயைப் புர்காத் துணியால் பொத்திக்கொண்டாள். மவ்ஸா கிழவரின் கையைப் பிடித்து வீட்டுக்குள் கூட்டிப்போனாள். இனி அவர் அந்த வீட்டு ஆண். கேட் சாத்திக்கொண்டது. உள்ளே பெண்களின் அழுகையும் குழந்தைகளின் கூச்சலும் கேட்டன. வெளியே வெயில் ஏறிக்கொண்டிருந்தது. இவர்கள் இருவரையும் யாருக்கும் ஞாபகமில்லை.

“வா, ரோட்டுக்குப் போவோம். டாக்ஸி வரும்” என்றார் கலீலுர் ரஹ்மான்.

ஈச்சமரங்களின் ஓரமாக நடந்தார்கள். கொஞ்ச தூரம் போனதும் அவர், “நாளைக்கே கபீலுகிட்டச் சொல்லிர்றேன் புள்ள” என்றார். “மத்தவுக வாயால கேக்குறதுக்கு முன்னால நானே சொல்லிர்றேன். ஏத்தி விட்டா ஊருக்குப் போவோம்.”

“போவோம். அங்கயும் மாடு இருக்கு.”

அவர் அவளைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். வாரக்கணக்கில் வராத சிரிப்பு அது. கபீல் அவர்களை ஏற்றி விடவில்லை. கொம்பைக் கழற்றி அவர் மேல் வீசியெறிந்தார், ரொம்ப நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை, பிறகு ஒருநாள், உன் மனைவியிடம் இன்னொன்று செய்யச் சொல், இந்தத் தடவை சாயம் போடாமல் என்றார். அதெல்லாம் பின்னால் நடந்தது. அன்றைக்கு அவர்களுக்கு எதுவும் தெரியாது. ரோட்டோரத்தில் நின்று, வராத டாக்ஸிக்காகக் கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பின்னாலிருந்து யாரோ கத்துகிற சத்தம் கேட்டது. கமீஸ் வந்துகொண்டிருந்தார். செருப்பில்லை, தலைத்துணி கழுத்தில் தொங்கியது. சுடுகல்லில் தத்தித் தத்தி ஓடிவந்து மூச்சிரைக்க நின்றார். அஸ்மத் பீவியைப் பார்க்கவில்லை. கலீலுர் ரஹ்மானின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார்.

“ஏய் ரஹ்மான், ஆடு அறுக்கச் சொல்லியிருக்கிறேன். சாப்பிடாமல் எங்கே போகிறாய்?”